ரிக்ஸ்டோர்ஃப் கிராமத்தை பெர்லின் விழுங்கியதா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதி ஒரு காலத்தில் ரிக்ஸ்டோர்ஃப் என்ற விவசாயக் கிராமமாம். பெருநகரம் வளர்ந்து பக்கத்து ஊர்களை விழுங்குவது எல்லா நாட்டிலும் நடப்பதுதானே. இதில் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

மார்ச் 2

விழுங்கப்பட்டபோது அது கிராமமாக இருந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. இருக்கவில்லையே.

1920 அக்டோபர் 1 அன்று பெருநகர பெர்லின் உருவானது. பழைய பெர்லினோடு 7 நகரங்கள், 59 கிராம ஊராட்சிகள், 27 பண்ணை எல்லைகள் சேர்க்கப்பட்டன. அந்த 7 நகரங்களில் ஒன்று நொய்க்கோல்ன். 1910 கணக்கெடுப்பிலேயே அதன் மக்கள்தொகை 2,37,000-ஐத் தாண்டிவிட்டது. 1874-ல் ரிக்ஸ்டோர்ஃப் ஒரே ஊராட்சியானபோது இருந்தவர்கள் சுமார் 8,000 பேர். 36 வருடத்தில் ஏறக்குறைய 30 மடங்கு! பெர்லின் கைவைப்பதற்கு முன்பே இந்தக் கிராமம் தன்னைத்தானே விழுங்கிவிட்டது என்பது என் கட்சி.

1899 ஏப்ரல் 1-ல்தான் அதற்கு நகர அந்தஸ்தே கிடைத்தது. அடுத்த வருடக் கணக்கெடுப்பில் 90,000 பேர். அதாவது ஒரு நடுத்தர நகரத்தின் கூட்டத்தை வைத்துக்கொண்டு காகிதத்தில் கிராமமாகவே காலம் தள்ளியிருக்கிறது. 'பிரஷ்யாவின் மிகப் பெரிய கிராமம்' என்று அப்போது பட்டப்பெயர்.

மார்ச் 2, இரவு

இடம் தெரியாதவர்களுக்கு: நகர மையத்திலிருந்து தென்கிழக்கே. மெட்ரோ யூ7 வழித்தடத்தில் கார்ல் மார்க்ஸ் தெரு நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கொஞ்சம் நடந்தால் ரிஷார்ட்பிளாட்ஸ். அதுதான் பழைய கிராமத்தின் நடுவிடம்.

மார்ச் 5

வரலாறு மட்டும் பேசினால் போதாது, மண்ணையும் பேச வேண்டும் என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். நியாயம்தான்.

பெர்லின் தட்டையான ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் குடியிருக்கும் பக்கம் வந்து, வாரச் சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கார்ல் மார்க்ஸ் தெருவிலிருந்து ஹெர்மான் தெருவுக்கு ஏறிப் பார்க்கட்டும். தாமஸ் தெரு, யோனாஸ் தெரு, ரோல்பெர்க் தெரு எல்லாமே மேடுதான். கணுக்கால் சொல்லும்.

பனியூழிக் காலத்தில் பனிப்பாளங்கள் இழுத்துவந்து போட்ட களிமண்ணும் மணலும் சரளையும் சேர்ந்த மேட்டுநிலத்துக்கு டெல்டோ என்று பெயர். பனி உருகிய தண்ணீர் ஓடிய அகலமான பள்ளத்தாக்கு வடக்கே. பெர்லினின் பழைய மையம் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் விளிம்பில், மேட்டின் காலடியில் ரிக்ஸ்டோர்ஃப். மேலே உழவு நிலம், கீழே வடகிழக்கில் ஈரப் புல்வெளி. ஊர் கட்ட இதைவிடத் தோதான இடம் தேட வேண்டியதில்லை. மேட்டின் உச்சியில் காற்று நன்றாக அடிக்கும், அதனால் அங்கே காற்றாலைகள் நின்றன. பிற்பாடு அதே மேட்டில் பீர் ஆலை வந்தது. 1872-ல் தொடங்கிய அந்த ஆலை 2005-ல் அங்கே வடிப்பதை நிறுத்திவிட்டது. இப்போது அந்தக் கட்டடம் கலைக்கூடம்.

சரளை விஷயம் இன்னும் சுவாரசியம். ரிக்ஸ்டோர்ஃபின் சரளைக் குழிகளில் தோண்டத் தோண்ட மாமூத், கம்பளிக் காண்டாமிருகம், துருவமான் எலும்புகள் வந்தன. நிலவியல்காரர்கள் அந்த அடுக்குக்கு 'ரிக்ஸ்டோர்ஃப் அடுக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊர்ப் பெயரை 1912-ல் மாற்றிவிட்டார்கள், நிலவியல் நூல்களில் மட்டும் அது அப்படியே தங்கிவிட்டது.

மார்ச் 6

"டெம்ப்ளர் வீரத் துறவிகள் கட்டிய ஊர்" என்று மேலே ஒரு பதிவு. பாதி சரி. பக்கத்து டெம்பெல்ஹோஃப்தான் டெம்ப்ளர்களுடையது. அந்தச் சபை 1312-லேயே கலைக்கப்பட்டு, சொத்துகள் ஜோஹானிட்டர் என்ற இன்னொரு வீரத் துறவிச் சபைக்குப் போய்விட்டன. ரிக்ஸ்டோர்ஃபைக் கிராமமாக்கிய பத்திரம் 1360 ஜூன் 26 தேதியிட்டது. எழுதிக் கொடுத்தவர்கள் ஜோஹானிட்டர்கள். ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு பண்ணையைக் குடியானவர் ஊராக மாற்றினார்கள். பத்திரத்தில் பெயர் ரிஷார்ட்ஸ்டோர்ப்.

1435-ல் ஜோஹானிட்டர்கள் இதையும் சுற்றியிருந்த ஊர்களையும் பெர்லின், கோல்ன் என்ற இரட்டை நகரங்களுக்கு விற்றுவிட்டார்கள். ஆகவே நகரம் இந்தக் கிராமத்தின் மேல் உரிமை கொண்டாடுவது 1920-ல் தொடங்கிய கதை இல்லை. முதலில் நகரம் இதற்கு மிராசுதார், ஐந்து நூற்றாண்டு கழித்துத்தான் மாநகராட்சி.

மார்ச் 11

ரிக்ஸ்டோர்ஃபில் போஹீமியர்கள் வந்து குடியேறினார்கள் என்றதும் கிதாரோடு திரியும் நாடோடிக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இன்றைய நொய்க்கோல்னில் அந்த ரகமும் நிறைய உண்டு, அதை விடுங்கள். நான் சொல்வது போஹீமியா நாட்டிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து வந்த புராட்டஸ்டண்ட் அகதிகளை.

ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு வாழ்க்கை நெருக்கடியாகிவிட்டது. பலர் எல்லை தாண்டிச் சாக்சனிப் பக்கம் ஒதுங்கினார்கள், அங்கேயும் நிலைக்க முடியவில்லை. 1737-ல் பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம் ரிக்ஸ்டோர்ஃபில் நிலம் வாங்கி 18 குடும்பங்களை அமர்த்தினார். இரண்டு குடும்பத்துக்கு ஒரு வீடு என ஒன்பது இரட்டை வீடுகள். அரசருக்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. ஆள் குறைந்த நாட்டுக்கு உழைக்கிற கைகள் தேவைப்பட்டன, அதுவும் தன் மதப் பிரிவைச் சேர்ந்த கைகள்.

அதன்பின் ஒரே இடத்தில் இரண்டு ஊர்: ஜெர்மன் ரிக்ஸ்டோர்ஃப், போஹீமிய ரிக்ஸ்டோர்ஃப். நாளடைவில் தனித்தனி ஊர்த்தலைவர், தனித்தனி நிர்வாகம். ஒரு தெரு தாண்டினால் பேச்சு செக் மொழி. 1874 ஜனவரி 1 அன்றுதான் இரண்டும் ஒன்றாயின. 137 வருடம் அடுத்தடுத்த வாசலில் இருந்துகொண்டு இரண்டு ஊராக வாழ்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் கண்மாய்க்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சண்டை போடுகிறவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது.

போதாக்குறைக்கு போஹீமியர்களுக்குள்ளேயே மூன்று சபை: லூத்தரன், சீர்திருத்த சபை, ஹெர்ன்ஹூட் சகோதரர் சபை.

மார்ச் 12

ஹெர்ன்ஹூட் சபை என்றதும் நினைவுக்கு வந்தது. அதே சபையின் மிஷனரிகள் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பக்கத்தில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டுத் தங்கினார்கள். அவர்கள் கண் நிக்கோபார் தீவுகளின் மேல். சீகன்பால்கு வழிவந்த லூத்தரன் மிஷனரிகளுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. ரிக்ஸ்டோர்ஃபிலிருந்து யாரும் வந்தார்கள் என்று சொல்லவில்லை, சபை ஒன்று, அவ்வளவுதான்.

மார்ச் 19

'தன்னைத்தானே விழுங்கியது' என்று மார்ச் 2-ல் எழுதியதை ஒருவர் அழுத்திக் கேட்டார்: "வேலை பெர்லினில், பணம் பெர்லினில், வந்து குடியேறிய ஆட்கள் பெர்லினை நம்பி வந்தவர்கள். அப்புறம் எப்படித் தானாக வளர்ந்தது என்கிறீர்கள்?"

சரி, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பசி பெர்லினுடையது, வாய் ரிக்ஸ்டோர்ஃபினுடையது. 1870-களின் தொடக்கத்தில் வட்ட ரயில்பாதை ஊரின் தெற்கு ஓரமாக வந்தது, நிலையமும் வந்தது. பெர்லினில் வாடகை தாங்காத தொழிலாளிகள் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். உழவு நிலத்தை வைத்திருந்தவர்களுக்குக் கோதுமையைவிடச் செங்கல் லாபமாகப் பட்டது. வயலை மனை போட்டு விற்றார்கள். ஷோனெபெர்க் பக்கம் இப்படி நிலம் விற்றுப் பணக்காரரானவர்களை 'மில்லியன் குடியானவர்கள்' என்றே அழைத்தார்கள்.

வந்த கட்டடங்கள் எப்படிப்பட்டவை என்றால், தெருவைப் பார்த்து அழகான முகப்பு, உள்ளே ஒரு முற்றம், அதன் பின்னால் இன்னொரு கட்டடம், இன்னொரு முற்றம். பின்னால் போகப் போக வெளிச்சம் குறையும், வாடகையும் குறையும். நான் இருப்பதே பின்கட்டில்தான். டிசம்பரில் மத்தியானம் இரண்டு மணிக்கு விளக்குப் போட வேண்டும். முன்கட்டில் இருக்கிற பாட்டி இன்றைக்கும் எங்களைப் 'பின்னால் இருப்பவர்கள்' என்றுதான் சொல்வார், வருத்தமாக ஒன்றும் இல்லை, அது ஒரு விலாசம்.

ஆக, முடிவெடுத்தவர்கள் உள்ளூர் நிலக்காரர்களும் உள்ளூர் ஊராட்சியும்தான். பெர்லின் அப்போது இந்த ஊரைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்படவே இல்லை. தொழிலாளர் குடியிருப்பு, வரி வருமானம் குறைவு, பள்ளிக்கூடச் செலவு அதிகம், யார் கேட்பார்கள்? 1920 சட்டத்தை மேற்குப் பக்கத்துப் பணக்கார ஊர்கள் எதிர்த்ததும் இதே கணக்கால்தான். தங்கள் வரிப்பணம் இந்தப் பக்கம் ஒழுகிவிடும் என்ற பயம். நொய்க்கோல்ன் போன்ற ஊர்களுக்கு அந்த இணைப்பு லாபம். விழுங்கியது யார், விழுங்கப்பட்டது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

மார்ச் 19, சற்று கழித்து

அந்தக் காலத்து நகராட்சி சும்மாவும் இருந்துவிடவில்லை. கட்டடக் கலைஞர் ரைன்ஹோல்ட் கீலை வைத்து நகர்மன்றக் கட்டடம் கட்டினார்கள். 1914-ல் திறக்கப்பட்ட நீச்சல் குளத்தைப் பாருங்கள்: தூண்கள், மொசைக், பழைய ரோமானியக் குளியல் மாளிகை மாதிரி. வீட்டில் குளியலறை இல்லாத ஜனங்களுக்கு அது. ஏழை ஊர் என்று சொன்னேனே, ஆனால் கஞ்ச ஊர் இல்லை.

ஏப்ரல் 3

பெயர் மாற்றம் பற்றிக் கேட்டவருக்கு.

ரிக்ஸ்டோர்ஃப் என்றால் பெர்லின்காரர்களுக்குக் கூத்தும் குடியும் நடன அரங்கும்தான். ஹாஸன்ஹைடே பூங்கா ஓரமாக வரிசையாகக் கேளிக்கை விடுதிகள். ஞாயிற்றுக்கிழமை நகரத்துக் கூட்டம் இங்கே வந்து ஆடும். ரிக்ஸ்டோர்ஃபில் கச்சேரி களைகட்டுகிறது என்று ஒரு போல்கா பாட்டு ஜெர்மனி முழுக்கப் பரவிவிட்டது. நகராட்சிப் பெரியவர்களுக்கு மானம் போயிற்று. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு வசதியானவர்களை எப்படிக் குடிவரச் செய்வது? கைசர் இரண்டாம் வில்லியமின் பிறந்தநாளான 1912 ஜனவரி 27 அன்று பெயர் நொய்க்கோல்ன் ஆனது.

ரைன் நதிக்கரைக் கொலோன் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேலே சொன்ன இரட்டை நகரங்களில் இரண்டாவதான கோல்ன், அதை ஒட்டித்தான் இந்தப் பெயர்.

ஏப்ரல் 4

"பெயர் மாற்றியதால் மதிப்பு கூடியதா?" என்கிறீர்கள். நூறு வருடம் கழித்து நொய்க்கோல்ன் என்றாலே ஜெர்மன் பத்திரிகைகளில் வறுமை, குற்றம், பள்ளிக்கூடப் பிரச்சினை என்றுதான் தலைப்பு. பழைய ரிக்ஸ்டோர்ஃப் பெயரோ இப்போது கெத்து. காப்பிக்கடை, பீர், கைவினைப் பொருள் எல்லாவற்றிலும் அதை ஒட்டுகிறார்கள். வீட்டுத் தரகர்கள் விளம்பரத்தில் 'ரிக்ஸ்டோர்ஃப்' என்று போட்டால் வாடகை ஏறிவிடுகிறது. 1912-ன் பெரியவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் 20

மார்ச் 5-ல் சரளைக் குழி என்றேன் அல்லவா, அதில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். ஃபிரான்ஸ் கோர்னர் என்பவருடைய குழி. தோண்டி முடித்தபின் 1910-ல் அதை நகராட்சிக்குக் கொடுத்தார், பூங்காவாக்கித் தன் பெயரை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1912-லிருந்து 1916 வரை வேலை நடந்தது. கோர்னர்பார்க்.

தெருவிலிருந்து பார்த்தால் மரங்களின் தலை மட்டும் தெரியும். பூங்கா தெரு மட்டத்துக்கு 5 முதல் 7 மீட்டர் கீழே. கோயில் குளத்தில் இறங்குகிற மாதிரி படியில் இறங்க வேண்டும். கீழே போனதும் வண்டிச் சத்தம் சட்டென்று அடங்கும். ஒரு பக்கம் அடுக்கடுக்காக விழும் நீர், எதிர்ப்பக்கம் ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்க வைக்கிற மாதிரியான கண்ணாடிக் கதவு மாளிகை, நடுவில் புல்தரை. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சேரி. துருக்கிக் குடும்பங்கள் தேநீர்ப் பாத்திரத்தோடு வந்து உட்காரும். இந்தக் குழியிலிருந்து போன சரளை சுற்றியுள்ள கட்டடங்களில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், ஊர் இங்கிருந்து எழுந்து மேலே போய் நிற்பது புரியும்.

இன்னொன்று: 1912-ல் இதன் அருகே அஸ்திவாரம் தோண்டும்போது, குதிரையோடு புதைக்கப்பட்ட ஒரு மனிதனின் கல்லறை கிடைத்தது. ரோமப் பேரரசு சரிந்த சமயம் ஐரோப்பாவில் இனக்கூட்டங்கள் இடம்பெயர்ந்ததை மக்கள் பெயர்ச்சிக் காலம் என்பார்களே, அந்தக் காலத்தது. 1360 பத்திரத்துக்கு முன்பு இங்கே யாருமே இல்லை என்று எழுதியவர் இதைக் கவனிக்கவும்.

மே 9

என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கப் போகிறவர்களுக்கு.

ரிஷார்ட்பிளாட்ஸ்: தெரு இரண்டாகப் பிரிந்து நீளமான பொது இடத்தைச் சுற்றிப் போய் மறுபடி சேரும். இந்தப் பகுதியின் பழைய கிராமங்களில் பலவற்றுக்கு இதே அமைப்புதான். நடுவே ஒரு கொல்லன் பட்டறை, 1624-லிருந்தே இந்த இடத்தில் பட்டறை இருந்ததாகப் பதிவு. பக்கத்தில் பழைய கிராமத் தேவாலயம். 1912-ல் ப்ராக் நகரத்து பெத்லகேம் ஆலயத்தின் நினைவாக அதற்கும் பெத்லகேம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாற்றுவதில் அந்த வருடம் அப்படி ஒரு வேகம்.

அங்கிருந்து கிர்ஷ்காஸே என்ற சின்னச் சந்துக்குள் போங்கள். பெர்லினில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். கருங்கல் பாவிய தரை, தாழ்ந்த ஓட்டு வீடுகள், பின்னால் களமும் கொட்டகையும். 1849-ல் பெரிய தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது, அதனால் பல வீடுகள் அதற்குப் பின் கட்டியவை. 5-ஆம் எண் வீடு தப்பியது, 1753-ல் கட்டிய பள்ளிக்கூடம். முகப்பு முக்கோணச் சுவரில் ஒரு கிண்ணம் செதுக்கியிருக்கும், செக் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் வழிவந்தவர்களின் அடையாளம். திருவிருந்தில் திராட்சை ரசம் குருவுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் வேண்டும் என்று சண்டை போட்டவர்கள் அவர்கள். இப்போது உள்ளே சிறிய அருங்காட்சியகம். திறந்திருக்கும் நேரம் ரொம்பக் குறைவு, பார்த்துவிட்டுப் போங்கள்.

சந்தில் அரசர் ஃபிரெடெரிக் வில்லியம் சிலையும் உண்டு. அரசாங்கம் வைத்ததில்லை, வந்தவர்களின் சந்ததியார் நன்றி சொல்லி 1912-ல் வைத்தது.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய கல்லறைத் தோட்டம், 1751-ல் தொடங்கியது. ஹெர்ன்ஹூட் சபைப் பகுதியில் எல்லாக் கல்லும் ஒரே அளவு, தரையோடு தரையாகக் கிடக்கும். பணக்காரர் ஏழை வித்தியாசம் இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கணவன் மனைவியானாலும் பிரித்துத்தான். பழைய கற்களில் செக் எழுத்து, எழுத்துக்கு மேலிருக்கும் கொக்கிகளில் பாசி ஏறிப் பச்சையாக இருக்கும். பிந்திய கற்களில் ஜெர்மன். எந்தத் தலைமுறையில் மொழி மாறியது என்பதை நடந்துகொண்டே படிக்கலாம்.

மே 10

"இது மட்டும் ஏன் இடிபடாமல் தப்பியது?" நல்ல கேள்வி, நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

முழுசாகத் தப்பவில்லை. ரிஷார்ட்பிளாட்ஸைச் சுற்றியே ஐந்து மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் போஹீமியர்களின் மனைகள் நீளமும் குறுகலுமாகப் பல கைகளில் இருந்தன. பக்கத்து மனைகளை மொத்தமாக வாங்கினால்தான் பெரிய கட்டடம் எழுப்ப முடியும். சபை, உறவு, பரம்பரை என்று பிணைந்தவர்களிடம் மொத்தமாக வாங்குவது எளிதில்லை. பரந்த வயல் வைத்திருந்தவர்களின் நிலம் முதலில் போயிற்று, சின்ன மனை வைத்திருந்தவர்களின் சந்து நின்றது. இது என் ஊகம்தான், ஆனால் பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இடித்த இடத்திலும் ஒன்று நல்லதாயிற்று. ரிஷார்ட்ஸ்பூர்க் என்ற பல முற்றக் கட்டடத்தை 1971-ல் இடித்தார்கள், 1995-ல் அந்த இடம் கொமேனியஸ் தோட்டம் ஆனது. கொமேனியஸ் போஹீமிய சகோதரர் சபையின் ஆயர், கல்வியாளர். பள்ளிப் பிள்ளைகள் அங்கே செடி நட்டுக்கொண்டிருப்பார்கள்.

மே 27

ப்ரிட்ஸும் நொய்க்கோல்னைச் சேர்ந்ததா என்று கேட்ட ஈழத்து அன்பருக்கு: ஆமாம், அதே நிர்வாகப் பகுதிதான். 1920-ல் நொய்க்கோல்ன், ப்ரிட்ஸ், புக்கோ, ரூடோ நாலையும் சேர்த்து ஒரே பகுதியாக்கினார்கள். மற்ற மூன்றும் அப்போது நிஜமாகவே கிராமங்கள். நீங்கள் சொல்லும் மயூரபதி முருகன் கோயில் ப்ரிட்ஸில் பிளாஷ்கோ அலேயில் இருக்கிறது, 2013-ல் குடமுழுக்கு. அதற்கு முன்பு க்ராய்ட்ஸ்பெர்க்கில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே குதிரைலாட வடிவக் குடியிருப்பையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1925-ல் தொடங்கி புரூனோ டௌட், மார்ட்டின் வாக்னர் கட்டியது, 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ரிக்ஸ்டோர்ஃபின் இருட்டுப் பின்கட்டுகளுக்கு அதுதான் பதில்: ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில், தோட்டம், தனிக் குளியலறை.

அகதிகளாக வந்தவர்கள் தங்கள் வழிபாட்டிடத்தை இங்கே கட்டுவது 18-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய வழக்கம் என்பதையும் இந்த இழையில் படித்திருப்பீர்கள்.

செப்டம்பர் 14

இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். ரிஷார்ட்பிளாட்ஸில் வைக்கோல் உருட்டும் போட்டிக்குப் போய் வந்தேன். 2008-ல் தொடங்கிய விழா, போஹீமிய மரபு என்று முறுக்கிக்கொண்டு சொல்வார்கள், பழமை எல்லாம் விளையாட்டுக்குத்தான். ஆள் உயர வைக்கோல் உருளையை அணி அணியாகத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். திருப்பத்தில் ஒரு உருளை வழிதவறிப் பார்வையாளர் பக்கம் வந்தது, முன்வரிசையில் பீர்க் குவளையோடு நின்றவர் குவளையைத்தான் முதலில் காப்பாற்றினார்.

வைக்கோல் வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. இந்தச் சதுக்கத்தைச் சுற்றி விளைந்த கடைசிக் கதிரை அறுத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

டிசம்பர் 1

கிறிஸ்துமஸ் சந்தை எப்போது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்தின் இரண்டாவது வார இறுதியில் மட்டும், அதே ரிஷார்ட்பிளாட்ஸில். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம்தான், வணிகக் கடைகள் கிடையாது, சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் போடும் கடைகள். சனிக்கிழமை மாலை போகாதீர்கள், கால் வைக்க இடமிருக்காது. வெள்ளிக்கிழமை இருட்டியதும் போனால் கொல்லன் பட்டறை வாசலில் நின்று பார்க்கலாம். சில்லறையாகப் பணம் எடுத்துப் போங்கள், அட்டை பெரும்பாலும் செல்லாது.